ஈர மணல்

நவம்பர் 4, திங்கள்

நீளம் நான்கடி ஓர் அங்குலம். அகலம் இரண்டடி மூன்று அங்குலம். ஆழம், குச்சி தரையைத் தொட்டவரை மூன்றடி ஏழு.

எங்கள் தெருச் சாக்கடையை மூடியிருந்த சிமென்ட் பலகை, லாரி ஏறி உடைந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் அளந்து எழுதியிருக்கிறேன். அளவு மாறப்போவதில்லை என்று தெரியும். ஏதோ செய்தேன் என்று இந்த நோட்டில் காட்டிக்கொள்ள இது ஒரு வழி.

பால் பூத் சுடலைமுத்து இன்றைக்கும் விடவில்லை. "என்ன அண்ணாச்சி, டேப்பும் கையுமா வந்துட்டீய? குழிக்குச் சட்டை தைக்கப் போறீயளோ?" பால் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் ஆள் போன பிறகுதான் வருகிறது.

என் மனைவி கோமதிக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். எங்கள் வாசற்படியிலிருந்து பால் பூத் வரை அவளுடைய கணக்கில் அறுபத்திரண்டு எட்டு. இரண்டு வருடங்களுக்கு முன் நானும் அவளும் சேர்ந்து ஒரு வாரம் நடந்து எண்ணிய கணக்கு. இடது கையால் மதில்களைத் தடவிக்கொண்டு, சாக்கடைப் பலகைகள் மேலேயே நடந்து போய், பால் வாங்கி, வலது கைக்கு மதிலை மாற்றிக்கொண்டு திரும்புவாள். எதிர்ப்புறம் முழுக்க வண்டிகள் நிற்கின்றன. நடுத்தெருவில் போனால் ஆட்டோக்கள். ஒரு நாளில் அவள் யார் கையையும் பிடிக்காமல் செய்கிற காரியம் இது ஒன்றுதான்.

குழி இருப்பது முப்பத்தெட்டாவது எட்டில்.

நவம்பர் 6, புதன்

நகராட்சியின் செயலியில் புகார் பதிந்தேன். நாலு தடவை திருத்தினேன். 'உடனடியாக' என்று எழுதி, கடுமையாக இருக்கிறதோ என்று எடுத்துவிட்டு, 'கூடிய விரைவில்' என்று போட்டேன். புகார் எண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

முழங்காலுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

கோமதி சண்டை போட்டாள். பாலைக் காய்ச்சிக்கொண்டே, முகத்தை என் பக்கம் திருப்பாமல்.

"இன்னும் எத்தன நாளைக்குப் பாலுக்கு நீங்க போவீய?"

"மூடுற வரைக்கும்."

"எப்ப மூடுவாவ?"

"புகார் கொடுத்திருக்கேன்."

"கொடுத்தீய, எழுதுனீய, அளந்தீய. நேர்ல போயி ரெண்டு சத்தம் போட்டீயளா? நாப்பத்தெட்டு வருசமா உங்க சத்தத்த இந்த வீட்டுக்குள்ளயும் நான் கேட்டதில்ல."

அவள் சொன்னது உண்மைதான். அதைச் சத்தமாக மறுத்திருந்தால் பொய்யாகவாவது போயிருக்கும்.

நவம்பர் 14, வியாழன்

புகார் முடிக்கப்பட்டது என்று கைபேசியில் செய்தி. 'க்ளோஸ்டு' என்று பச்சை எழுத்தில். கூடவே ஒரு படம். புதுச் சிமென்ட் பலகை, பக்கத்தில் நீல நிற கேட். எங்கள் தெருவில் நீல கேட் கிடையாது. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். குழி வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருக்கிறது. உள்ளே யாரோ தேங்காய்ச் சிரட்டை வேறு போட்டிருக்கிறார்கள்.

இளநிலைப் பொறியாளர் மகேந்திரனின் எண்ணைத் தேடி அழைத்தேன். சின்ன வயதுக் குரல். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், பத்து நாளுக்குள்ள க்ளோஸ் பண்ணலைன்னா எங்க பேர்ல சிவப்புக் குறி வந்துடும் சார். க்ளோஸ்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. உங்க கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு விளக்கத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. என் புகார் எப்படியப்பா முடியும், அந்தக் குழிக்குள் உன்னை இறக்கி நிறுத்தி, அளந்து காட்டவா என்று கேட்டிருக்க வேண்டும். "சரி தம்பி, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றேன்.

செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, எனக்குத்தான் ஆங்கிலம் மறந்துவிட்டதோ என்று அகராதியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு மறக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் கட்டடப் பிரிவு அலுவலகத்தில் வரைவாளனாகவும் பிறகு தொழில்நுட்ப உதவியாளனாகவும் இருந்தவன் நான். வேலை நிறைவு அறிக்கை எழுதுவதே என் மேசையின் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு 'ஃபினிஷ்டு' என்று எழுதிக்கொண்டு போனேன். பெரிய பொறியாளர் அந்தத் தாளை என் முன்னாலேயே கிழித்தார். "ஃபினிஷிங்னா பூச்சு, வெள்ளை, பெயின்ட். அது கண்ணுக்குய்யா. கம்ப்ளீட்னா தண்ணி வந்து, தண்ணி போயி, மூடி போட்டு, ஆள் ஏறி நடந்து பாத்தது. ரெண்டையும் ஒண்ணா எழுதினா எவனாவது சாவான்."

அதன் பிறகு நான் அந்த இரண்டு சொற்களையும் குழப்பியதில்லை. ஒரே ஒரு முறை தவிர. அதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அது வேறு விஷயம், இங்கே எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 15, வெள்ளி

புகாரை மறுபடி திறந்தேன். இந்த முறை 'உடனடியாக' என்று போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

காலையிலிருந்து தூறல். மூன்றரை மணிக்குத் தள்ளுவண்டியில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். குனிந்து ஏதோ செய்தார்கள், மதில் மறைத்தது. அரை மணி நேரத்தில் மணலைப் பரப்பி, வாளியால் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள்.

புதுக் கான்கிரீட்டின் மேல் மணலைப் பரப்பி ஈரமாக வைப்பது முறைதான். நீராற்றுதல் ஏழு நாள் நடக்க வேண்டும்; ஆள் ஏறி நடக்க மூன்று நாள் போதும். வேலை தெரிந்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலே காலுக்கு மகேந்திரன் அழைத்தார். "சார், உங்களுக்காக இந்தத் தடவை 'கம்ப்ளீட்டட்'னே போட்டிருக்கேன். திருப்தியான்னு செயலியில கேக்கும். ஆமான்னு அமுத்திடுங்க சார், ப்ளீஸ். ஆறு மணிக்கு மீட்டிங்."

அமுக்கினேன்.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம். மழை. முழங்கால் வலி. கம்பை எடுத்துக்கொண்டு போய்த் தட்டிப் பார்க்கலாம் என்றும் தோன்றியது. பூத்தில் ஆட்கள் நின்றார்கள். சட்டை தைத்தாயிற்றா என்று சுடலைமுத்து கேட்பான்.

கோமதியிடம் சொன்னேன். "போட்டுட்டாங்க. மூணு நாள் பொறுத்துக்கோ, காயட்டும். மேல மணல் இருக்கும், பயப்படாதே." அவள் என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். இருபத்தொன்பது நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

நவம்பர் 22, வெள்ளி

பால் வாங்கப் போனேன். மணல் ஈரமாகவே இருந்தது. ஒதுங்கி நடந்தேன். புதுக் கான்கிரீட்டை மிதிக்கக் கூடாது என்பது காலில் ஊறிப்போன பழக்கம்.

என்னவோ அந்த மாணவர் விடுதி ஞாபகம் வந்தது. அங்கே ஒருவருக்குக் காலில் அடிபட்டது உண்மை. ஆனால் அது ஜூன் மாதம். நான் அறிக்கை எழுதியது மார்ச்சில்.

நவம்பர் 24, ஞாயிறு

இந்தத் தேதியை எழுதிக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. கோமதி

நவம்பர் 26, செவ்வாய்

மருத்துவமனை. இடது இடுப்பெலும்பு முறிவு. நாளை அறுவை, தகடு வைக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீரில் இடுப்பு வரை கிடந்திருக்கிறாள். சுடலைமுத்துதான் குழிக்குள் குதித்துத் தூக்கியவன். வேட்டியெல்லாம் சாக்கடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, நேற்று சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்திருந்தான். கேலி எதுவும் பேசவில்லை.

அங்கே பலகை இல்லை. குழியின் மேல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு. அதன் மேல் பழைய கல்யாண ஃபிளெக்ஸ் பேனர். அதன் மேல் மணல். மணலின் மேல் தண்ணீர்.

கோமதி கேட்காமலே சொன்னாள். "முப்பத்தேழு எண்ணினேன். முப்பத்தெட்டுல மணல் தட்டுச்சு. நீங்க சொன்ன மணலுன்னு நெனச்சுத்தான் அழுத்தி வச்சேன்."

அழுத்தி வைத்தாளாம். நான் சொன்னதால்.

நவம்பர் 28, வியாழன்

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மகேந்திரன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நல்ல பையன். அப்பா பெயரெல்லாம் கேட்டார். பிறகு மேலதிகாரிக்குப் போகும் விளக்கத்தின் நகலைக் காட்டினார். "ஃபார்மாலிட்டிதான் சார், நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்குவீங்க."

படித்தேன். பணி முழுமையாக முடிக்கப்பட்டதைப் புகார்தாரரே செயலியில் உறுதி செய்துள்ளார். அதன் பின் மூடியை எவரோ அகற்றியிருக்கக் கூடும். பார்வையற்ற முதியவர் தனியாக நடமாடிய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.

கீழே நான் ஒப்புதல் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. "நீங்க போட்டீங்கன்னா நாளைக்கே புதுப் பலகை இறங்கிடும் சார். அம்மா வீட்டுக்கு வர்றதுக்குள்ள ரெடி."

பேனாவைக் கொடுத்தார். நான் வாங்கினேன். வாங்கினேன் என்பதையும் எழுத வேண்டும்.

கவனக்குறைவு. ஒவ்வொரு எட்டையும் எண்ணி வைக்கிறவளுக்கா! மழை பெய்தால் எந்த மதில் வழுக்கும் என்று விரலில் தெரிந்து வைத்திருக்கிறவளுக்கா! கண்ணிருந்தும் மாடியில் நின்று பார்த்தவன் நான். கண்ணிருந்தும் படத்தில் நீல கேட்டை ஒட்டியவன் அந்தப் பையன். கவனக்குறைவு அவளுக்காம்!

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. மகேந்திரன், "சார், மெதுவா" என்றார். "மெதுவாப் பேசித்தான்யா ஒருத்தி குழியில கிடந்தா" என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் பாதி அவன் மேல்தான். மீதியை எழுத இன்று முடியாது. அந்தக் கவனக்குறைவு வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறேன். படித்தேன் என்பதும் சரியில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அறுவை நன்றாக நடந்தது. கஞ்சி குடித்தாள். அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். பிறகு கேட்டாள்:

"இசக்கியம்மாளையும் இப்படித்தான எழுதுனீய?"

முப்பத்தாறு வருடங்களில் அந்தப் பெயரை நான் இவளிடம் உச்சரித்ததில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவ செத்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போயிருந்தேன். உங்க ஆபீஸ் கட்டுன விடுதியில செத்தவன்னு தெரிஞ்சுதான் போனேன். அவ மக பேச்சித்தாய் பத்தாங்கிளாஸ். அழல. எங்கம்மா மூடியத் தெறக்கலன்னு ஒவ்வொருத்தரையாப் பிடிச்சுச் சொல்லிக்கிட்டிருந்தா. என்னையும் பிடிச்சுச் சொன்னா."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்லுவீய. பொறவு நான் உங்களோட எப்படி இருக்க?"

டிசம்பர் 2, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

1988 மார்ச் 31. புதிதாகக் கட்டிய மாணவர் விடுதி. வெள்ளை அடித்து, பெயர்ப்பலகை மாட்டி, பார்க்க லட்சணமாக இருந்தது. சமையலறைக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி போடவில்லை. அன்றைக்குள் நிறைவு என்று எழுதாவிட்டால் ஒதுக்கிய நிதி அரசுக்கே திரும்பிவிடும். எல்லா மார்ச்சிலும் எல்லா மேசைகளிலும் நடப்பதுதான். "எழுதுங்க ஆவுடையப்பன், ரெண்டு நாள்ல போட்டுருவான்" என்றார் அப்போதைய பொறியாளர். 'எல்லா வகையிலும் நிறைவுற்றது' என்று எழுதினேன்.

பார்க்காமல் எழுதவில்லை. முந்தைய நாள் போய்ப் பார்த்தேன். தொட்டியின் மேல் ஈர மணல் பரப்பியிருந்தது. அடியில் தகடு என்று ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியே சிரித்துக்கொண்டு சொன்னான். மிதிக்கவில்லை.

ஜூன் 14 அன்று விடுதிச் சமையல்காரி இசக்கியம்மாள் அதில் விழுந்தாள். காலில் அடி இல்லை. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஆவணத்தில் மூடி இருந்தது. ஆகவே அவள்தான் கழிவைக் கொட்டுவதற்காக அதைத் திறந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிந்தது. 'சமையலரின் கவனக்குறைவே காரணம்.' அந்த வாக்கியத்தை வரைவு எழுதிக் கொடுத்தவன் நான். நல்ல வாக்கியம் என்று பொறியாளர் பாராட்டினார்.

போன மாதம் ஜன்னலில் நின்று ஈர மணலைப் பார்த்தபோது எனக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

இரண்டு கடிதங்கள் எழுதினேன்.

ஒன்று நகராட்சி ஆணையருக்கு. நவம்பர் 21 அன்று பணியை நேரில் பார்க்காமல் திருப்தி என்று பதிந்தேன், அது தவறு. அங்கே பலகை போடப்படவில்லை. என் மனைவியிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை. கவனக்குறைவு என்ற சொல்லை நீக்க வேண்டும். சுடலைமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான். "அண்ணாச்சி, நான் போட்டா செல்லுமா? பால்காரன் கையெழுத்து." "நீ குழிக்குள்ள இறங்கினவன். உன்னுதுதான் செல்லும்" என்றேன்.

இன்னொன்று பேச்சித்தாய்க்கு. பக்கத்து ஊரில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாளாம். சுடலைமுத்து விசாரித்துச் சொன்னான். கடிதத்தை உறையில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

நான்கு ஆட்கள் பலகையோடு வந்தார்கள். மகேந்திரனும் வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகை இறங்கியதும் படம் எடுக்கப் போனார். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி நான் ஏறி நின்றேன். இரண்டு தடவை குதித்தேன், முழங்கால் வலியோடு. "நீங்களும் வாங்க" என்றேன். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தார். இருவரும் நாலடிப் பலகையில் தோள் இடிக்க நின்றோம். "இப்ப எடுங்க படத்த" என்றேன். சுடலைமுத்து எடுத்தான்.

'கவனக்குறைவு' பற்றி ஆணையரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமைதோறும் போவதாக இருக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

கோமதி வாக்கரோடு வாசல் வரை வந்தாள். திரும்பும்போது மேசையில் கை பட்டு உறை கீழே விழுந்தது. தடவி எடுத்தாள்.

"இது என்ன?"

"பேச்சித்தாய்க்கு எழுதினது."

"எழுதி?"

"எழுதிட்டேன்."

உறையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "எழுதுனது உங்களுக்கு. அவளுக்கு இன்னும் ஒண்ணும் வரல" என்றாள்.

தபாலில் போடலாம் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, பேருந்து நேரத்தை விசாரித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

ஏழு பத்துப் பேருந்து. பள்ளிச் சமையற்கூடத்தின் வாசலில் பேச்சித்தாயைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவள். நரைத்திருந்தாள். யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை நின்றபடியே வாசித்தாள்; ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். உள்ளே பருப்பு பொங்கி வழிகிற வாசனை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கய்யா சாவுற வரைக்கும் எங்கம்மாவ வஞ்சுக்கிட்டே செத்தாரு" என்றாள். "சோம்பேறி முண்ட, மூடியத் தெறந்து கொட்டப் போயி புள்ளைகள அனாதையாக்கிட்டான்னு. இருவத்திரெண்டு வருசம். ஒரு நாளு விடல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீரும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல. பிறகு என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கீரு. தேதி போடல."

வாழ்நாள் முழுக்க எந்தத் தாளிலும் நான் தேதி போட மறந்ததில்லை. அவளுடைய பேனாவை வாங்கி, சுவரில் வைத்துப் போட்டேன். வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர்கூடக் கேட்க முடியாமல் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். அது சரிதான்.

வீட்டுக்கு வரும்போது கோமதி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். என் செருப்புச் சத்தத்தை வைத்துத் திரும்பினாள்.

"என்ன சொன்னா?"

"தேதி போடச் சொன்னா."

"போட்டீயளா?"

"போட்டேன்."

"எந்தத் தேதி?"

"இன்னைக்குத் தேதிதான்" என்றேன்.

தலையை ஆட்டினாள். பிறகு வாக்கரை ஒரு சாண் முன்னால் நகர்த்தி, காலைத் தூக்கி வைத்து, "ஒண்ணு" என்றாள்.